மாமா கோபிக்காத கல்யாணம்

கல்யாணத்தில் யார், எதற்குக் கோபித்துக்கொள்வார்கள் என்பதைச் செயலி முன்பே சொல்லிவிடும். அதை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான், நிகழ்ச்சி மேலாண்மை படிக்கும் நிலவரசிக்கு இறுதித் தேர்வு.

கரூர் மண்டபத்தில் செயலி சிவப்பில் காட்டிய ஒரே பெயர், பெண்ணின் தாய்மாமன் விமல்ராஜ். அவரை வாசலிலேயே சந்தனம் கொடுத்து வரவேற்றாள். முன்வரிசையில் உட்காரவைத்தாள். மேடைக்கு அவரைத்தான் முதலில் அழைத்தாள். முதல் பந்தி முடிந்தபோது அவள் கைத்திரையில் முழு மதிப்பெண் இருந்தது.

அப்புறம் பார்த்தால், கார் நிறுத்துமிடத்தில் விமல்ராஜ் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏதாவது குறைங்களா சார்?"

"ஒரு குறையும் இல்ல கண்ணு. அதுதான்." அவர் மண்டபத்தைப் பார்த்தார். "எந்த விசேசம்னாலும் நான் கோவிச்சுட்டு வெளிய வந்துருவேன். என் தங்கச்சி ரம்யா எல்லாத்தையும் போட்டுட்டு வந்து, கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவா. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே அப்பத்தான்."

நிலவரசி உள்ளே போய் மணப்பெண்ணின் அம்மாவைத் தேடினாள்.

"உங்க அண்ணன் கோவிச்சுட்டு வெளிய நிக்கறாருங்க."

கைத்திரையில் மதிப்பெண் இறங்கியது.

தாம்பூலப் பைகளை அப்படியே வைத்துவிட்டு ரம்யா எழுந்தாள்.

"இன்னும் கோவிக்கலையேன்னு காலையிலிருந்து பாத்துட்டே இருக்கறேன்."