எட்டாவது வரிசை

படிவத்தில் எட்டு வரிசைகள் இருந்தன. சுரேஷுக்கு வேண்டியது எட்டாவது மட்டும்தான்.

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்கும் வரிசை அது. அதில் மூன்று என்று எழுதி, கீழே சீல் வாங்கிவிட வேண்டும் என்று சிலிகுரியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். திருப்பூரில் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் காட்டுவதற்கு என்றுதான் நினைத்தேன். தீபாவளி விடுமுறை முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் எங்கள் மேனேஜர் அத்தாட்சி கேட்பார்.

நேபாள எல்லை. பலகை அடித்த சின்ன அறை, ஒரு ஜன்னல், உள்ளே ஒரு எழுத்தர். மணி மூன்றரை. நான்கு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்களாம்.

திருப்பூரிலேயே பெட்ரோலை வடித்து, கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றி, வண்டிகளை ரயிலில் பார்சல் போட்டிருந்தோம். இரண்டு வண்டி, மூன்று பேர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரனான பாண்டித்துரை ஒரு வண்டியை ஓட்ட, சுரேஷ் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். மலை முழுக்க முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிய வண்டிகள் தடுப்புக் கட்டைக்கு முன்னால் சூடு ஆறிக்கொண்டிருந்தன.

படிவம் நாகரி எழுத்தில் இருந்தது. எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அதுவும் வேலை முடிந்து போகிற இந்தி வகுப்பில் இரண்டாம் பரீட்சை வரைக்கும்தான். இது நேபாளி வேறு. என்னால் மூன்று பேரும் திரும்பிப் போக நேர்ந்துவிடக் கூடாதே என்று முதல் தாளை மூன்று முறை படித்தேன்.

பிறகு கம்பெனியில் செக்கிங் முடிந்த பனியன் பெட்டிக்கு ஸ்டிக்கர் எழுதுவதுபோல் எழுதினேன். முதல் பெட்டிக்குத்தான் யோசனை. ஒரே லாட் சரக்கு என்றால் மற்றதெல்லாம் பார்த்து எழுதுவதுதான். பெயரும் அப்பா பெயரும் மாறும். நான்காவது வரிசை, நாடு: இந்தியா, இந்தியா, இந்தியா. ஏழாவது, வந்த நோக்கம்: சுற்றிப் பார்க்க. எங்கள் பாடப்புத்தகத்தில் தாஜ்மகாலுக்குப் போகிற குடும்பம் சொல்லும் சொல். எனக்குத் தெரிந்தது அதுதான். நேபாளியிலும் கிட்டத்தட்ட அதேதான் என்று எழுத்தர் தலையசைத்தார்.

இரண்டு தாள்களில் சீல் விழுந்தது. மூன்றாவதை எடுத்தவர் சுரேஷின் முகத்தைப் பார்த்தார். நேபாளியில் ஏதோ கேட்டார். சுரேஷ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பதில் சொன்னான். எழுத்தர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஊர்க்காரர்களுக்குப் படிவம் வேண்டாம், நேராக நடந்து போகலாம் என்று எனக்கு இந்தியில் சொன்னார்.

என் கை செய்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுரேஷின் அம்மாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே. தெரிந்துதான் வந்தோம். ஆனால் திருப்பூர் முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்த அப்பாவோடு ஆறு வயதில் நேபாளத்திலிருந்து வந்தவன் அவன். என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவான். பொங்கலூர்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். அவள், கீதாஞ்சலிக்கு, இது ஐந்தாம் மாதம். நாடு என்ற இடத்தில் என் கை நிற்கவே இல்லை.

சுரேஷ் தாளை மறுபடியும் ஜன்னலுக்குள் நீட்டினான்.

பாண்டித்துரை சிரித்தான். "சொந்த ஊருக்குப் போறதுக்கும் சீல் கேக்கான் பாருல."

சுரேஷ் சிரிக்கவில்லை. அப்பா இறந்து இரண்டு வருடமாக அம்மா போனில் ஒன்றையே கேட்கிறாராம், எப்போது ஒரேயடியாக வருவாய் என்று. இவனும் ஒவ்வொரு முறையும் சரி, சரி என்றே சொல்லி வைத்திருக்கிறான்.

"மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராதுடா. இந்தச் சீட்டு சொல்லிப்போடட்டும்."

சீட்டு கம்பெனிக்கு இல்லை.

எழுத்தருக்கு என்ன தோன்றியதோ, சீல் அடித்துக் கொடுத்தார். மணி மூன்று ஐம்பது.

கட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு பெட்டிக்கடை ஓரமாக அவன் அம்மா நின்றிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். மகனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எனக்கும் பாண்டித்துரைக்கும் ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பிறகு சுரேஷின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஒரு வீட்டைக் காட்டினார். பழைய கூரையை ஒட்டி ஒரு அறை புதிதாக எடுத்திருந்தார்கள். அதன் தகரம் மட்டும் பளபளத்தது. ஏதோ கேட்டார்.

சுரேஷ் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மகனிடமே நீட்டினார். அவன் வாங்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல் எழுத்தெழுத்தாக வாசித்தேன். பெயர். அப்பா பெயரைக் கேட்டதும் அவர் தலையசைத்தார். முகவரி, திருப்பூர். நாடு, இந்தியா. அவர் சுரேஷைப் பார்த்தார். அட்டை எண், வண்டி எண். ஏழாவது, வந்த நோக்கம். அதையும் வாசித்தேன்.

சுற்றிப் பார்க்க.

அம்மா என் கையிலிருந்து தாளை வாங்கினார். நான்காக மடித்தார். சுரேஷின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, அதன்மேல் ஒரு தடவை தட்டினார்.

எட்டாவது வரிசையை அவர் கேட்கவில்லை.