பெட்டியில் போடாத ஊர்

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான் முஸ்யோகா. ஒரே ஒரு சோப்பு விழுந்தது.

"ஊரே வந்துட்டுப் போச்சு. ஒத்தைச் சோப்பா?" என்றார் டிரைவர் ஒகேலோ.

"யாரோ ஒருத்தர் மட்டும் நல்லவர் போல அண்ணே."

"சர்ச்சுல பாக்கணுமே இவங்கள! கண்ணை மூடிக்கிட்டு என்னமா உருகிப் பாடுறாங்க. ஆள் இல்லாத இடத்துல கொடுக்கக் கை நீள மாட்டேங்குது பாருங்க."

முஸ்யோகா தலையாட்டினான். ஆனால் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அடுத்தவன் என்ன செய்வான் என்று கணக்குப் போட்டு மனிதன் எப்படி முடிவெடுக்கிறான்? நைரோபியில் டாக்டர் பட்டத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இது. அதற்காகத்தான் பூசியா பக்கத்து இந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு வைத்தான்.

ஆளுக்கு நாலு சோப்பு. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், இஷ்டப்பட்டதைப் பொதுப் பெட்டியில் போடலாம். பெட்டியில் சேர்வதை இரண்டு மடங்காக்கி எல்லாருக்கும் சமமாகப் பிரித்துத் தருவான். எல்லாரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு எட்டு. ஆனால் போடாதவனுக்கும் பங்கு உண்டு. அங்கேதான் கொக்கி.

யாரும் பார்க்காத இடத்தில் யாரும் போடமாட்டார்கள் என்பது முஸ்யோகாவின் கட்சி. போன ஊரில் பாதிக்கு மேல் போட்டுத் தொலைத்துவிட்டார்கள். இங்கேயும் போட்டிருந்தால் மூன்று வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆராய்ச்சிக்குச் செலவு செய்த தொண்டு நிறுவனம் இன்னொன்றும் கேட்டிருந்தது. இந்த இரண்டு ஊரில் ஒன்றுக்குப் பொதுவாக ஒரு மாவு மில் வைத்துத் தரப்போகிறார்கள். எந்த ஊர் ஜனங்கள் அதை ஒற்றுமையாக வைத்து நடத்துவார்கள்?

அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்தான். பொதுக் காரியத்துக்கு லாயக்கில்லாத ஊர் என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டான்.

மறுநாள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நாலியாகா வந்தாள். ஊர்ப் பெண்கள் சங்கத்துத் தலைவி. தலையில் மாவு மூட்டை, ஒரு கையில் கால் கட்டிய கோழி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மில்லுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"நல்லவேளை, கெளம்புறதுக்குள்ள வந்துட்டேன். இந்தாங்க தம்பி, ஊர் சார்பா."

"கோழி எதுக்கு அக்கா?"

"பாஸ் பண்ணிட்டீங்கல்ல?"

"என்ன பாஸ்?"

நாலியாகா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்ககிட்ட என்ன தம்பி மறைப்பு? போன வாரம் டீக்கடையில நின்னு உங்க புரொபசர்கிட்ட போன்ல பேசினீங்களே. கடைக்காரர் பராசா இங்கிலீஷ் படிச்சவரு. 'இந்த ஊர்லயும் பெட்டியில போட்டுட்டாங்கன்னா நான் செத்தேன் சார், படிச்ச படிப்பெல்லாம் போச்சு'ன்னு அழாத குறையாப் பேசினீங்களாம். கேட்டதும் எங்களுக்கு மனசு ஆறல. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் ஊரைக் கூட்டிட்டேன்."

முஸ்யோகா தூக்கிய சாமானைக் கீழே வைத்தான்.

"கூட்டி?"

"ஒருத்தரும் பெட்டியில போடக் கூடாதுன்னு பேசி முடிச்சோம். கெணத்துக்கு யாரு கயிறு வாங்குறதுன்னு போன மழைக்கு ஆரம்பிச்ச சண்டை எங்களுக்குள்ள இன்னும் தீரல. உங்க விஷயத்துல பாருங்க, அத்தனை பேரும் ஒண்ணாக் கை தூக்கிட்டாங்க! எல்லாரும் போட்டா எட்டு சோப்பு கெடைக்கும்னு எங்களுக்கு மட்டும் தெரியாதா? பொம்பளைங்களுக்குக் கை துறுதுறுங்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டோம்."

"அப்போ... அந்த ஒரு சோப்பு?"

"மகோகா கெழவன்! பழக்க தோஷத்துல போட்டுட்டானாம். வீட்டுல செம திட்டு. பொண்டாட்டி அவனுக்குக் களிகூடப் போடல. அந்த ஒண்ணால உங்களுக்கு மார்க்கு எதுவும் கொறையாதே?"

"இல்ல அக்கா."

"அப்பாடா! என் பையனும் வெளியூர்லதான் படிக்கிறான். அங்க அவனுக்கு ஒண்ணுன்னா யாராவது பாத்துக்க மாட்டாங்களா, அந்த மாதிரிதான் இதுவும்."

போன் அடித்தது. தொண்டு நிறுவனத்திலிருந்து. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"ரிப்போர்ட் கெடைச்சுது முஸ்யோகா. மில்லு அந்த ஊருக்கு வேண்டாம்னுதானே சொல்றீங்க? இன்னிக்குக் கையெழுத்துப் போடுறோம். மாத்துறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நாலியாகா நாலடி தள்ளிப்போய், கோழியின் கால்கட்டைச் சரிபார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஊர் முழுக்கப் பேசிவைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இது என்று சொல்லிவிட்டால் மில் இங்கே வந்துவிடும். ஆனால் ஆராய்ச்சி?

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான். "எதையும் மாத்த வேண்டாம் சார்."

போனைப் பைக்குள் போட்டான். நாலியாகா ஆவலாகப் பக்கத்தில் வந்தாள்.

"நல்ல சேதியா தம்பி?"

"நல்ல சேதிதான் அக்கா," என்று கை நீட்டிக் கோழியை வாங்கிக்கொண்டான் முஸ்யோகா.