காகிதத் தொட்டியில் சோறு

"இன்னைக்கும் காகிதத்துல சோறு! யார் வேலைன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?"

பல்கலைக்கழகக் குப்பை பிரிக்கும் கூடத்தின் வாசலில் நின்று கத்தினார் சூப்பர்வைசர். மேசைமேல், நூலக மாடியிலிருந்து வந்த மூட்டை பிரிந்து கிடந்தது. தாள்களுக்கு நடுவே கை படாத சோற்றுப் பொட்டலம். குழம்பு கசிந்து பாதி மூட்டை ஊறிவிட்டது.

"தெரியலைங்க சார்," என்றாள் மேசையருகே காகிதம் பிரித்துக்கொண்டிருந்தவள், கையுறையைப் பார்த்துக்கொண்டே.

"மூணு லோடு திருப்பி அனுப்பிட்டான் காகித ஆலைக்காரன். வாசல்ல பசுமை வளாகம்னு போர்டு வேற!"

பக்கத்தில் பாட்டில் மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தவள் சும்மா இருக்கவில்லை. "சோத்துத் தொட்டி கேன்டீன் வாசல்லயே இருக்கு. மத்தியானம் பூரா இந்த அக்காதான் அங்க காவல். அதுல போட்டா கையா வெந்துபோகும்? திருட்டுப் பூனையாட்டம் மாடியேறிப் போறானே!"

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ காவலை விட்டுட்டு நூலக மாடியில தூணுக்குப் பின்னால நின்னு ஆளைப் பார்த்தியாமே. தரை துடைக்கிறவர் சொல்லிட்டார்."

"முதுகைத்தான் பார்த்தேன் சார்."

"முதுகுக்குப் பேர் கிடையாதா? பையனை ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்க, நம்ம தலை தப்பும். சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லே, நாளையிலேருந்து நீ வராதே."

அவர் போனதும் அவள் ஊறிய தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக் கொடியில் போட்டாள். இரண்டு கிழிந்தன.

"பைத்தியமா அக்கா உனக்கு?" பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். "எவனோ ஒருத்தனுக்காக உன் அடுப்புல நீயே தண்ணி ஊத்திக்கிறியே!"

ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் மறுபடி வந்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்த மகன், புத்தகப் பையை நாற்காலியில் இறக்கினான்.

"நீ கட்டிக் குடுத்த சாப்பாடு பிரமாதம்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கலே."

அவள் விளக்கைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளையிலேருந்து மாடியேற வேண்டாம் கண்ணு. சோத்துத் தொட்டியிலேயே போட்டுடு. அங்கே நான் நிக்கமாட்டேன்."