மரகதவல்லியின் லோடர்

குடும்பத் தகராறுகளைப் பெயின்ட் துப்பாக்கியால் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு, நானும் என் மனைவி மரகதவல்லியும் நாற்பத்தொரு முறை மோதிவிட்டோம். நாற்பத்தொரு முறையும் நானே ஜெயித்தேன். இந்தமுறை வழக்கு பெரியது: ஓசூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவதா, கரூரிலேயே இருப்பதா? போகக்கூடாது என்பது என் கட்சி.

"துப்பாக்கி மேல குண்டு போடுற டப்பாவே ஒரு குடம் கனம் கனக்குது. தோள்வலிக்காரி எப்படித் தூக்குவா? இதெல்லாம் ஒரு ஜெயமாங்க?" என்றாள்.

முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ரோஷம் வந்துவிட்டது. பதினோரு நாள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து (இட்லி கணக்கில் வராது) அந்த டப்பாவுக்குப் பதிலாக அவளுக்கென்று ஒரு பேட்டரி லோடர் செய்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஈ உட்கார்ந்தால் எடை இரட்டிக்கும். நொடிக்கு நாற்பது குண்டுகளைத் துப்பாக்கிக்கு ஊட்டும். சார்ஜ் போடாமல் கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. மெக்கானிக் மனசு கேட்கவில்லை.

ஞாயிறு காலை நடுவர் விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் நான் தலைமுதல் கால்வரை மஞ்சள்.

"என்னங்க, நல்லா வேலை செய்யுதுங்க!" என்றாள்.

மாலையில் பெட்டி கட்டினோம். லோடரைத் துண்டில் சுற்றிப் புடவைகளுக்கு மேலே வைத்தாள்.

"அதான் ஜெயிச்சிட்டியே, அங்க எதுக்கு இது?"

"அங்க சம்பந்தியம்மா இருக்காங்கல்ல," என்றாள். "போறதுக்குள்ள இன்னொரு பேட்டரி சேர்த்துக் குடுங்க."