தண்ணீருக்குப் பத்து மார்க்

வீட்டை மூன்று தடவை சுற்றி வந்தும் கஸ்தூரியின் கண்ணில் ஒரு வாளி தட்டுப்படவில்லை.

வாளி இல்லை, டிரம் இல்லை, அண்டா இல்லை. ஏழு பச்சைப் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வீடு இது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பந்தல்குடிப் பக்கம் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம். ஒன்றுமில்லாத வீட்டில்கூட வாசலில் நாலு டிரம் வரிசையாக நிற்கும்.

"பிள்ளைகளுக்குக் கை கால் கழுவ எங்கம்மா தண்ணி?"

வீட்டுக்காரி தங்கமாரி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு குடத்தை இறக்கினாள். ஒரு செம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடத்தைத் திரும்பவும் பரணிலேயே ஏற்றி வைத்தாள்.

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரைப் போய் யாராவது பரணில் வைப்பார்களா? நகையா அது, பூட்டி வைக்க?

திண்டுக்கல்லில் இருந்து வந்து அவள் இந்த வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீடுகளில் நடக்கும் குழந்தை மையங்களைச் சோதித்து நட்சத்திரம் போடுகிற வேலை. மூன்றுக்குக் குறைந்தால் அந்த வீட்டில் அப்புறம் பிள்ளை பார்க்கக் கூடாது, மூடிவிட வேண்டும். இந்த ஏழு பிள்ளைகளின் அம்மாக்களும் பஞ்சு மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். மூடினால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். அதற்காக இப்படியா?

மற்றதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அடுப்பங்கரைக்குக் குறுக்கே தடுப்பு. ஸ்விட்சுகள் எல்லாம் எட்டாத உயரத்தில். பிள்ளைகளில் ஒன்று கஸ்தூரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி வந்தது.

தண்ணீருக்குப் பத்து மார்க். அது கிடைத்தால் மூன்று நட்சத்திரம் தேறும். கிடைக்காவிட்டால் இரண்டுதான்.

கொல்லைப்புறத்தில் அதைவிடப் பெரிய கூத்து. நிலத்தடித் தொட்டி ஒன்று இருந்திருக்கிறது, சிமெண்டு விளிம்பு நன்றாகத் தெரிந்தது. வாய் வரைக்கும் மண்ணைக் கொட்டி, அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்திருந்தாள் இந்த மகராசி.

"இருந்த தொட்டியையும் தூர்த்துட்டீங்களா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?"

"பிள்ளைக வாரதுக்கு முந்தியே ஊருணிக் கரை அடிபம்புல ஆறு குடம் அடிச்சுத் தூக்கிட்டு வந்துருவேன் மேடம். அது போதும்."

"போதுமா இல்லையான்னு நீங்க சொல்லக் கூடாது."

கையிலிருந்த டேப்லெட்டில் முப்பத்து நான்காவது கேள்வி அதுதான். தொட்டி, டிரம் எத்தனை லிட்டர் கொள்ளும்? குடம் கணக்கில் சேராது. கஸ்தூரி சைபரைத் தட்டினாள். பெட்டி சிவப்பாக மாறியது.

அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. மாதிரி மையம் என்று முன்னால் இருந்த அலுவலர் சேர்த்து வைத்திருந்த படத்தைத் திறந்து, தங்கமாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டு மையம். சுவர் முழுக்க யானையும் முயலும். முற்றத்தில் நிலத்தடித் தொட்டியின் மேல் பிள்ளைகள் வரிசையாக நின்று குழாயில் கை கழுவுகிறார்கள். ஐந்து நட்சத்திரம்.

"பாருங்க. பிள்ளைகளை இப்படி வச்சுப் பாத்துக்கணும்."

தங்கமாரி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசியில் நின்ற மஞ்சள் கவுன் போட்ட குட்டியின் மேல் விரலை வைத்தாள்.

"இது எம் மக, மேடம். ரோஷினி."

கஸ்தூரிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. தன் பிள்ளைக்கு ஐந்து நட்சத்திரம், அடுத்தவள் பிள்ளைக்குப் பரணில் குடமா? பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு நிற்கிற ஏழு பேரும் இவளை நம்பித்தானே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்? நினைத்ததை அப்படியே வாய்விட்டும் கேட்டுவிட்டாள்.

தங்கமாரி கோபப்படவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"நானும் அப்ப மில்லுக்குத்தான் போனேன். போன ஆடியில, அந்தத் தொட்டியில இருந்துதான் எம் பிள்ளையை எடுத்தாக."

முந்தானையைப் பிடித்திருந்த பிள்ளை அதை இழுத்து இழுத்து விளையாடியது.

கஸ்தூரி படத்தைப் பெரிதாக்கினாள். மஞ்சள் கவுனுக்குக் கீழே, அந்தச் சின்னக் குதிகால்களுக்கு அடியில், தொட்டியை மூடிக் கிடந்தது ஒரு துருப்பிடித்த தகரம்.

அறுபத்து நான்கு கேள்விகளையும் மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். மூடியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்த மையத்தின் பெயருக்கு நேரே ஆறாயிரம் லிட்டர், பத்துக்குப் பத்து என்று இன்றைக்கும் பச்சையாகத்தான் இருந்தது. பிள்ளை போய் ஒன்பது மாதம் ஆகிறது, ஒரு நட்சத்திரத்தைக் குறைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. கஸ்தூரிக்குச் சற்று முன் தான் கேட்ட கேள்வியை நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டேப்புக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு நட்சத்திரம், அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கஸ்தூரியின் விரல் அதன் மேல் போகவில்லை.

"சைபருன்னே போடுங்க மேடம்" என்றாள் தங்கமாரி. "சாயங்காலம் ஏழு பிள்ளையும் வீடு போய்ச் சேருதுல்ல."