வெளிப்பூச்சு

"வெளியில கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசினாத்தான்மா நிக்கும். உள்ளே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான்," என்றார் மேஸ்திரி.

"அதெல்லாம் வேண்டாம். உள்ளே மட்டும் பூசினா போதும்," என்றார் வீட்டுக்காரம்மா.

"ஓட்டைக் குடத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இருக்கு."

"குடம் என்னோடது. நீ அடி."

கைக்குழந்தையோடு நின்றிருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரம்மா மாடியில் தனியாக இருக்கிறார்; கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பது அவள். மழை வந்தாலே படுக்கையறையின் வெளிச்சுவர் உப்பிப்போய் மாவு மாதிரி உதிர்கிறது. இந்த அம்மாவுக்கு என்ன கஷ்டம்?

மேஸ்திரி பூசி முடித்துக் கை கழுவினார். "காயற வரைக்கும் பிள்ளையை இந்த ரூம்ல போடாதீங்க. ஈரம் ஆகாது."

"அதான் மேலே எடம் கெடக்கே. ரெண்டு பேரும் வாங்க," என்றார் வீட்டுக்காரம்மா. அதற்குள் குழந்தை அவர் தோளில் ஏறியிருந்தது.

ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

மேலே போனால் ஒன்று மட்டும் நடக்கும். அவள் தூங்குவாள். கீழே இருக்கும்போது கண்ணை மூடினாலே பயம். எழுந்து எழுந்து குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். சூடாகக் காற்று பட்டால்தான் தலை சாய்ப்பாள். மேலே அந்த வேலையை வேறொருத்தர் பார்த்துக்கொண்டார்.

"என் பேரனை நான் போன்லதான் வளர்க்கறேன்," என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "போன் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு முத்தம் குடுக்கறேன்."

சுவர் காய்ந்ததும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். காரணமில்லாமல் அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் இருப்பது?

கப்பலில் வேலை பார்க்கும் கணவன் போனில் கேட்டான்.

"மாடி என்ன சொல்லுது?"

"வெளியில பூச மாட்டாங்களாம்."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஜென்மம். காலி பண்றோம்னு சொல்லு, தானா வழிக்கு வரும்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"நான் வர்றது இருக்கட்டும். முதல்ல சுவரைப் பாரு."

அவள் குழந்தையோடு மாடியேறிச் சொல்லிவிட்டாள். "வெளிப்பூச்சு போடலைன்னா நாங்க வேற வீடு பார்த்துக்கறோம்மா."

வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச நேரம் குழந்தையின் உள்ளங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

"காலியெல்லாம் பண்ண வேண்டாம். போட்டுடலாம்," என்றார்.

சாரம் கட்டினார்கள். பழைய பூச்சைக் கொத்தினார்கள். விரிசலை அடைத்து, புதுசாகப் பூசி, அது இறுகும்வரை தண்ணீர் தெளித்தார்கள். எல்லாம் வெளியேதான். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. குழந்தையை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.

"இனிமே கடலே வந்து மோதினாலும் உள்ளே வராது," என்றார் மேஸ்திரி.

அடுத்த மழை ஊற்றித் தள்ளியது. இடி இடிக்கும்போதெல்லாம் அவள் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்தாள். மேஸ்திரி சொன்ன மாதிரியே பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. சண்டை போட்டு வாங்கின சுவராச்சே.

குழந்தை வீறிட்டது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் நடந்து வந்து நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? சுவர்தான் ஒழுகவில்லையே. வேற வீடு பார்த்துக்கறோம் என்று சொன்ன வாய் அல்லவா அது?

காலடிகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

அதற்கடுத்த மழையும் வந்து போனது. சுவர் அசையவில்லை.

ஒருநாள் காலையில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிப் படுக்கையில் போட்டாள். பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் மிச்சமிருந்தது. ஒரு மக்கில் மொண்டுகொண்டு சுவருக்கு எதிரே வந்து நின்றாள்.

வீட்டில் குழந்தையைத் தவிர யாருமில்லை. இருந்தும் திருடி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வீசிவிட்டாள்.

மாடிப்படியில் பாதி ஏறியதுமே குரல் கொடுத்தாள். "அம்மா, சுவர்ல மறுபடியும் ஈரம்..."

முழங்கால் வலியால் எப்போதும் ஒவ்வொரு படியாக இறங்கும் வீட்டுக்காரம்மா அன்றைக்குக் கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் இறங்கி வந்தார். நேராகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

மழைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுவென்று இருந்தது. ஓரத்தில் இரண்டு சோப்புக் குமிழிகள் உடையாமல் வழிந்துகொண்டிருந்தன.

"அந்த மேஸ்திரி..." என்று ஆரம்பித்தாள்.

"அவனை எதுக்குச் சொல்றே? அவன் ஒழுங்காத்தான் பூசியிருக்கான்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். குழந்தையைத் துண்டோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். அவள் பின்னாலேயே பாயை எடுத்துக்கொண்டு போனாள்.

பாதிப் படியில், திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்:

"உள்ளே மட்டும் பூசினா போதும்னு நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டியா நீ?"