தும்பி கிளம்பிய சாயங்காலம்

வால்நட்சத்திரத்தின் மேல் மோதுவதற்கென்றே அனுப்பிய விண்கலம் தும்பி. ஆறு வருஷமாகத் தன் ரசிகர்கள் எல்லோரிடமும் தினமும் பேசிக்கொண்டே போனது. சாத்தூரில் தையல்கடை வைத்திருக்கும் தமயந்திக்குப் பேச்சுத்துணையே அதுதான். இவள் ஒன்று கேட்டால், ஜாக்கெட்டுக்குக் கை தைத்து முடிக்கும் நேரத்தில் பதில் வந்து சேரும். அவ்வளவு தூரம்.

மோதலை நேரலையில் பார்க்க ரசிகர் சங்கம் கல்யாண மண்டபத்தில் திரை கட்டியிருந்தது. கடைசியாகத் தும்பி இயர்போன் வழியே அவள் காதில் சொன்னது.

“அக்கா, நான் போறேன்.”

தமயந்திக்குத் திக்கென்றது. இத்தனை வருஷம் பேசியும் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே!

“போறேன்னு சொல்லக்கூடாதுடா. போயிட்டு வரேன்னு சொல்லு.”

அந்தச் சொல் பாதி தூரம்கூடப் போயிருக்காது. திரை வெள்ளையாகப் பூத்து அணைந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. வண்ணக் காகிதங்களை வாரி இறைத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும், மண்டபம் பெருக்கும் சீனியம்மா விளக்குமாற்றோடு வந்தாள். தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடனே பெருக்காதீங்க மதினி. புள்ள இப்பத்தான் வாசல் தாண்டியிருக்கு.”